போர்முனையில் செய்தியாளர்கள்: சட்டம் தரும் பாதுகாப்பும் சுமக்க வேண்டிய பொறுப்பும்

புதுதில்லி: ஒரு நிகழ்வு எங்கே நடந்தது, எப்போது நடந்தது என்பவை செய்தியின் அடிப்படைக் கேள்விகள். போர் நடக்கும் இடத்தில் இவ்விரண்டுக்குமான விடை பீரங்கியை இயக்குபவருக்கும் தேவைப்படுகிறது. செய்தியாளர் அனுப்பும் ஒரு படமோ ஒரு வரியோ படைகளின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கலாம். அதை அனுப்பும் தொலைபேசியின் அலை செய்தியாளரின் இருப்பிடத்தையே காட்டிக்கொடுக்கலாம். போர்முனைச் செய்திப் பணியின் அபாயமும் பொறுப்பும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி, 2024-ஆம் ஆண்டில் உலகெங்கும் குறைந்தது 124 செய்தியாளர்களும் ஊடகப் பணியாளர்களும் கொல்லப்பட்டனர். அக்குழு 1992 முதல் தொகுத்துவரும் பட்டியலில் அதுவரை எந்த ஓராண்டிலும் இவ்வளவு பேர் உயிரிழந்ததில்லை. அவர்களில் 85 பேர் இஸ்ரேல்–காஸா போரில் உயிரிழந்தவர்கள். மூவரைத் தவிர மற்ற அனைவரும் பாலஸ்தீனியர்கள்.

ஸ்பின் போல்தக்கில் நடந்தது

இந்திய வாசகர்களுக்கு நெருக்கமான நிகழ்வு தானிஷ் சித்திக்கியின் மரணம். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படச் செய்தியாளரான அவர், 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் காந்தகார் மாகாணத்தில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய ஸ்பின் போல்தக்கில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 38. ரோஹிங்கியா அகதிகளின் நிலையைப் படமெடுத்ததற்காக 2018-இல் புலிட்சர் பரிசு பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவில் இடம்பெற்றிருந்தவர். இந்தியாவின் கொரோனா இரண்டாம் அலைப் படங்களுக்காக, இறந்த பின் 2022-இலும் சக புகைப்படக் கலைஞர்களுடன் அவருக்கு அப்பரிசு வழங்கப்பட்டது.

ஆப்கானிஸ்தான் சிறப்புப் படையினருடன் இணைந்து பயணம் செய்தபடி அவர் செய்தி சேகரித்து வந்தார். இறப்பதற்கு மூன்று நாள்களுக்கு முன் அவர் சென்ற ராணுவ வாகனம் ராக்கெட் குண்டுகளால் தாக்கப்பட்டதை அவரே சமூக ஊடகத்தில் பதிவிட்டிருந்தார். ஜூலை 16 அன்று சிதறிய உலோகத் துண்டால் காயமடைந்த அவர் சிகிச்சைக்காக அருகிலிருந்த மசூதிக்குக் கொண்டு செல்லப்பட்டதாகவும், படையினர் பின்வாங்கியபோது அவரும் இரண்டு கமாண்டோ வீரர்களும் அங்கேயே விடப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் பின்னர் வெளியிட்ட விரிவான செய்தி கூறுகிறது. சித்திக்கியைப் பிடித்துக் கொன்றதாகக் கூறப்படுவதைத் தாலிபான் மறுத்தது.

படையினருடன் செல்லும் செய்தியாளருக்கு வாகனம், காவல், களத்தை அருகிலிருந்து காணும் வாய்ப்பு ஆகியவை கிடைக்கின்றன. ஆனால் அந்த வாகனம் எதிர்த்தரப்புக்குச் சட்டப்படியான இலக்கு. அதனுள் அமர்ந்திருப்பவர் ராணுவத்தினரல்ல என்பதால் வாகனம் இலக்காக இல்லாமல் போய்விடுவதில்லை. படை பின்வாங்கும் வேகத்தில் தாமும் பின்வாங்க முடியாவிட்டால் அவர் தனியாகிவிடுகிறார். தனியாகச் செல்பவருக்கோ அந்தக் காவலும் இல்லை. சோதனைச் சாவடியில் ஒற்றன் என்று ஐயுறப்படும் அபாயம் மட்டும் கூடுதலாக உண்டு. இவ்விரண்டில் எது பாதுகாப்பானது என்பதற்குப் பொதுவான விடை இல்லை.

சட்டம் சொல்வது

போர்க்காலச் சட்டத்தில் செய்தியாளர்கள் இரண்டு வகையாகக் கருதப்படுகின்றனர். ராணுவத்தின் அனுமதியும் அடையாள அட்டையும் பெற்றுப் படைகளுடன் செல்லும் போர்ச் செய்தியாளர்கள் முதல் வகையினர். பன்னாட்டுப் போரில் எதிரியிடம் சிக்கினால் இவர்களுக்குப் போர்க் கைதிக்குரிய நிலை வழங்கப்பட வேண்டும் என 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை கூறுகிறது. அபாயகரமான பணியில் ஈடுபடும் மற்றச் செய்தியாளர்கள் அனைவரும் இரண்டாம் வகையினர். இவர்கள் பொதுமக்களாகவே கருதப்பட வேண்டும் என்பது 1977-ஆம் ஆண்டின் முதலாவது கூடுதல் நெறிமுறையின் 79-ஆவது பிரிவு. பொதுமக்கள் என்ற நிலைக்கு மாறான எச்செயலிலும் அவர்கள் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனையும் அதே பிரிவில் உள்ளது.

அதாவது, செய்தியாளருக்கென்று தனிச் சலுகை எதுவும் சட்டத்தில் இல்லை. ஒரு விவசாயிக்கும் பள்ளி ஆசிரியருக்கும் உள்ள அதே பாதுகாப்புதான் அவருக்கும். "பிரஸ்" என்று எழுதிய நீலக் கவசம் அவர் யார் என்பதை அறிவிக்கும். புதிதாக ஓர் உரிமையைத் தராது. துப்பாக்கி ஏந்தினாலோ, படைக்கு உளவுத் தகவல் கொடுத்தாலோ, தாக்குதலுக்குக் குறி காட்டினாலோ அந்தப் பாதுகாப்பை அவர் இழக்க நேரிடும். ஒரு தரப்பை ஆதரித்து எழுதுவது மட்டும் அவரை இலக்காக்காது.

ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்று 1960-இல் தனிச் சட்டமே இயற்றிய இந்தியா, 1977-ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையில் இணையவில்லை. அமெரிக்காவும் இஸ்ரேலும் அதனை ஏற்கவில்லை. எனினும் செய்தியாளர்களை மதித்துப் பாதுகாக்க வேண்டும் என்பது எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டம் எனச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கருதுகிறது. ஐ.நா. பாதுகாப்பு அவை 2006-இல் 1738-ஆவது தீர்மானத்தையும் 2015-இல் 2222-ஆவது தீர்மானத்தையும் இதற்காகவே நிறைவேற்றியது.

சட்டம் ஏட்டில் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வெவ்வேறு. 2022 மே 11 அன்று மேற்குக் கரையின் ஜெனினில் அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே சுட்டுக் கொல்லப்பட்டபோது, செய்தியாளர் என்று தெளிவாகக் காட்டும் கவச உடையை அணிந்திருந்தார். 2023 அக்டோபர் 13 அன்று தெற்கு லெபனானில் ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் இஸ்ஸாம் அப்தல்லா கொல்லப்பட்டு, உடனிருந்த ஆறு செய்தியாளர்கள் காயமடைந்தனர். அவர்களும் அத்தகைய உடையில்தான் இருந்தனர். இஸ்ரேலிய பீரங்கி வண்டியிலிருந்து குண்டுகள் வந்ததாக ராய்ட்டர்ஸ், ஏ.எஃப்.பி. நிறுவனங்களின் தனித்தனி ஆய்வுகள் முடிவு செய்தன. செய்தியாளர்களைத் தாங்கள் குறிவைப்பதில்லை என்பது இஸ்ரேல் ராணுவத்தின் நிலைப்பாடு.

வன்னி முதல் ஹோம்ஸ் வரை

பிரிட்டனின் சண்டே டைம்ஸ் இதழுக்காகப் பணியாற்றிய அமெரிக்கச் செய்தியாளர் மேரி கோல்வின் இலங்கைத் தமிழர்களும் அறிந்த பெயர். செய்தியாளர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருந்த வன்னிப் பகுதிக்குள் 2001-இல் சென்று அங்குள்ள மக்களின் நிலையை அறிந்த அவர், அவ்வாண்டு ஏப்ரலில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து அரசுப் பகுதிக்குத் திரும்புகையில் ராணுவத்தின் தாக்குதலில் இடது கண் பார்வையை இழந்தார். அதன்பின் கறுப்புக் கண்பட்டை அவரது அடையாளமாயிற்று.

2012 பிப்ரவரியில் அவர் சிரியாவின் ஹோம்ஸ் நகரில், முற்றுகையிடப்பட்டிருந்த பாபா அம்ர் பகுதியில் இருந்தார். அங்கே ஒரு வீடு செய்தி மையமாக இயங்கியது. பிப்ரவரி 21 இரவு, குண்டுவீச்சில் குழந்தைகள் இறப்பதை அங்கிருந்தபடியே பன்னாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு நேரலையில் எடுத்துரைத்தார். மறுநாள் காலை அந்த வீடு பீரங்கித் தாக்குதலுக்கு உள்ளானது. கோல்வினும் பிரெஞ்சுப் புகைப்படச் செய்தியாளர் ரெமி ஒச்லிக்கும் கொல்லப்பட்டனர்.

அவரது குடும்பத்தினர் தொடுத்த வழக்கில், சிரிய அரசே இக்கொலைக்குப் பொறுப்பு என 2019 ஜனவரியில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்து 30 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையை விதித்தது. தகவல் தொடர்பு அலைகளை இடைமறித்தும், உள்ளூர் உளவாளி ஒருவர் மூலமும் அந்த வீடு கண்டறியப்பட்டதாக வழக்கில் முன்வைக்கப்பட்ட சான்றுகள் காட்டின. நேரலையில் பேசாமல் இருந்திருந்தால் அவர் தப்பியிருக்கலாம் என்று சொல்வது எளிது. பேசாமலிருந்தால் அவர் அங்கே சென்றதன் காரணமே இல்லாமல் போயிருக்கும்.

உள்ளூர்க்காரர் என்ற தனி அபாயம்

கோல்வின், சித்திக்கி போன்றோரின் பெயர்கள் உலகுக்குத் தெரிகின்றன. ஆனால் போர்களில் அதிகமாக உயிரிழப்பவர்கள் அந்தந்த ஊரின் செய்தியாளர்களே. வெளிநாட்டவர் பணி முடிந்து விமானம் ஏறிவிடலாம். உள்ளூர்ச் செய்தியாளரின் வீடு, பெற்றோர், பிள்ளைகள் எல்லாம் போருக்குள்ளேயே இருக்கின்றன. அவர் எழுதியதைப் படித்து ஆத்திரப்படுபவர் அடுத்த தெருவில் வசிக்கக்கூடும். பி.பி.சி. உள்ளிட்ட ஊடகங்களுக்குச் செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன், 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நடப்பிலிருந்த யாழ்ப்பாணத்தில் தமது வீட்டிலேயே கொல்லப்பட்டார்.

காஸாவில் இந்நிலை உச்சத்தை எட்டியது. 2023 அக்டோபரில் போர் தொடங்கியபின், ராணுவத்தின் துணையுடன் அழைத்துச் செல்லப்படும் சில பயணங்களைத் தவிர, வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தன்னிச்சையாக உள்ளே செல்ல இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. ஆகவே உலகம் கண்ட படங்களில் பெரும்பாலானவற்றைப் பாலஸ்தீனச் செய்தியாளர்களே எடுத்தனர். அவர்கள் தமக்கும் தம் குடும்பத்துக்கும் உணவு தேட இயலாத நிலையில் உள்ளதாக ஏ.எஃப்.பி., ஏ.பி., பி.பி.சி., ராய்ட்டர்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் 2025 ஜூலையில் கூட்டாக அறிக்கை வெளியிட்டன. பிறர் பசியைச் செய்தியாக்கும் பணியில் இருப்பவரே பசியில் இருந்தார்.

வெளிநாட்டுச் செய்தியாளருக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் விளங்கும் உள்ளூர்க்காரர்கள் "ஃபிக்சர்" எனப்படுகின்றனர். செய்தியின் தலைப்பில் இவர்கள் பெயர் வருவது அரிது. நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஸ்டீபன் ஃபாரெலுடன் வட ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்ட ஆப்கன் செய்தியாளர் சுல்தான் முனாதி, 2009 செப்டம்பர் 9 அன்று நடந்த மீட்பு நடவடிக்கையின்போது கொல்லப்பட்டார். ஃபாரெல் உயிருடன் மீட்கப்பட்டார். வெளிநாட்டவருக்கு அளிக்கும் காப்பீடு, கவச உடை, வெளியேறும் ஏற்பாடு ஆகியவற்றை உள்ளூர் உதவியாளருக்கும் அளிப்பது செய்தி நிறுவனத்தின் கடமை. அது பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சிக்கே விடப்பட்டுள்ளது என்பதுதான் நடைமுறை.

இரத்தம் நிற்கும் நிமிடங்கள்

கவச உடை பற்றியும் தவறான நம்பிக்கை பரவலாக உள்ளது. துணி அடுக்குகளால் ஆன கவசம் சிதறு துண்டுகளையும் கைத்துப்பாக்கிக் குண்டுகளையும் தாங்கும். ராணுவத் துப்பாக்கியின் குண்டைத் தடுக்க மார்பிலும் முதுகிலும் கடினத் தகடுகள் வேண்டும். அப்போதும் கழுத்து, அக்குள், தொடை ஆகியவை திறந்தே இருக்கும். பிரிட்டிஷ் புகைப்படச் செய்தியாளர் டிம் ஹெதரிங்டன் 2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ரத்தாவில் சிதறு துண்டு பட்டு, இரத்தப்போக்கினால் இறந்தார். இரத்தத்தை நிறுத்தும் முறை உடனிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு என அறிந்த அவரது நண்பர் செபாஸ்டியன் யுங்கர், சுயேச்சைச் செய்தியாளர்களுக்குப் போர்க்கள முதலுதவி கற்பிக்கும் அமைப்பைத் தொடங்கினார். கையையோ காலையோ இறுக்கிக் கட்டும் பட்டை ஒன்று, கேமராவை விட முக்கியமான கருவியாகக் கருதப்படுவது இதனால்தான்.

மனத்தின் காயம் வெளியே தெரிவதில்லை. டொராண்டோ மனநல மருத்துவர் அந்தோனி ஃபைன்ஸ்டைன் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், 140 போர்ச் செய்தியாளர்களில் கால்பங்குக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு உள்ளாகியிருந்தது தெரியவந்தது.

எதை மறைப்பது, எதைத் தாமதிப்பது

செய்தியாளரின் அபாயத்தைப் பேசுவோர் பலர் அவரால் பிறருக்கு நேரும் அபாயத்தைப் பேசுவதில்லை. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலின்போது பாதுகாப்புப் படைகளின் ஒவ்வொரு நகர்வும் தொலைக்காட்சிகளில் நேரலையாக ஒளிபரப்பானது. பாகிஸ்தானிலிருந்து பயங்கரவாதிகளை இயக்கியவர்கள் அந்த ஒளிபரப்பைப் பார்த்தபடியே தொலைபேசியில் கட்டளையிட்டது இடைமறிக்கப்பட்ட உரையாடல்களில் பதிவாகியிருந்தது. அஜ்மல் கசாப் மேல்முறையீட்டில் 2012 ஆகஸ்ட் 29 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இதற்காகத் தொலைக்காட்சி ஊடகங்களைக் கடுமையாகக் கண்டித்தது.

பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டாமல், நியமிக்கப்பட்ட அதிகாரி அவ்வப்போது தரும் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் எனக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் இப்போது கூறுகின்றன. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 ஏப்ரல் 26 அன்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தலில் இவ்விதி நினைவூட்டப்பட்டது. கார்கில் போர், மும்பைத் தாக்குதல், காந்தகார் விமானக் கடத்தல் ஆகியவை அதில் எடுத்துக்காட்டுகளாகச் சுட்டப்பட்டன.

இந்த விவாதம் புதிதன்று. கிரிமியப் போரில் தி டைம்ஸ் நாளிதழுக்காகச் செய்தி அனுப்பிய வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல், பிரிட்டிஷ் வீரர்கள் நோயாலும் நிர்வாகச் சீர்கேட்டாலும் மடிவதை எழுதினார். அதனால் எழுந்த மக்கள் கோபம் 1855-இல் பிரிட்டிஷ் அரசு கவிழ்வதற்கு ஒரு காரணமாயிற்று. அதே செய்திகள் எதிரிக்குப் பயன்படுவதாகத் தளபதிகள் குறைகூறினர். எதிரிக்கு உதவும் விவரங்களை வெளியிடத் தடைவிதித்து 1856 பிப்ரவரியில் தளபதி காட்ரிங்டன் ஆணையிட்டார். இரண்டு ஆண்டுகளில் ரஸ்ஸல் இந்தியாவுக்கு வந்து, கிளர்ச்சியை அடக்கும் பெயரில் நடந்தவற்றையும் எழுதினார்.

படை எங்கே நிற்கிறது, எப்போது புறப்படும் என்பதைச் சில மணி நேரம் தள்ளி வெளியிட்டால் வாசகர் எதையும் இழப்பதில்லை. வீரர்களுக்கு உணவும் மருந்தும் கிடைக்கவில்லை என்பதை மறைத்தால் வீரர்களே உயிரிழப்பர். முன்னது தாமதம், பின்னது மூடிமறைப்பு. அரசுகள் பல நேரங்களில் இரண்டையும் "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. பிரித்துப் பார்க்கும் வேலை செய்தியறையின் மேல் விழுகிறது.

மொழிபெயர்ப்பு மேசையில் போர்

களத்திலிருந்து வரும் செய்தி தமிழ் வாசகரை அடைவதற்குள் இன்னொரு மேசையைக் கடக்கிறது. உயிரபாயம் அங்கில்லை, பிழை செய்யும் வாய்ப்பு நிறைய உண்டு. ராணுவ வழக்கில் "கேஷுவல்டி" என்ற ஆங்கிலச் சொல் இறந்தோரையும் காயமடைந்தோரையும் சேர்த்தே குறிக்கும். அதனை "உயிரிழப்பு" என்று மாற்றினால், காயமடைந்து மருத்துவமனையில் இருப்பவர்கள் ஒரே வரியில் இறந்துவிடுகிறார்கள். ஒரு தரப்பு ஆதாரமின்றிச் சொல்வதைக் குறிக்கும் "கிளெய்ம்" என்ற சொல் "உரிமை கோரியது" என்று எழுதப்படுவதையும் பார்க்க முடிகிறது. "கூறிக்கொள்கிறது" என்று எழுதினால் போதும். "தெரிவித்தது" என்றால் நடுநிலை. "உறுதி செய்தது" என்றால் செய்தி நிறுவனமே சான்று சொல்வது போலாகிவிடும்.

"பதிலடி" என்ற சொல்லும் அத்தகையதே. முதலில் அடித்தவர் மற்றவர் என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. "குண்டுவீச்சில் 20 பேர் பலி" என்ற தலைப்பு யார் வீசியது என்பதைச் சொல்லாமல் முடிந்துவிடுகிறது. தெரியாதபோது அப்படி எழுதுவது முறை. தெரிந்த பின்னும் அப்படியே விடுவது முறையன்று.

2025 மே 8 இரவும் அதை அடுத்தும், இந்தியக் கடற்படை கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிவிட்டதாகச் சில இந்தியத் தொலைக்காட்சிகள் செய்தி ஒளிபரப்பின. அத்தகைய தாக்குதல் எதுவும் நடைபெறவில்லை. கணினி விளையாட்டுக் காட்சிகளும் வேறு நாட்டுப் போர்களின் பழைய காணொளிகளும் எல்லையின் இருபுறமும் புதியவையாகப் பகிரப்பட்டன. எல்லையோர மாவட்டங்களில் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்கள், ஊரைவிட்டுப் புறப்படுவதா வேண்டாமா என்பதை இத்தகைய செய்திகளை வைத்தே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

பிடிபட்டவரின் முகம்

போர்க் கைதிகளை அவமதிப்பிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானிடம் பிடிபட்ட இந்திய விமானப்படை விமானி அபிநந்தன் வர்த்தமான் காயத்துடன் காட்டப்பட்ட காணொளி பரவியபோது, இந்தியா இந்தச் சட்டத்தைச் சுட்டியே கண்டனம் தெரிவித்தது. தமிழ்நாட்டில் வேர் கொண்ட அந்த விமானி மார்ச் 1 அன்று திரும்பினார். சட்டக் கடமை கைதியை வைத்திருக்கும் அரசுடையது. ஆயினும் அந்தக் காணொளியை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பும் ஊடகமும் அதே வேடிக்கையை நீட்டிக்கிறது. நம் வீரர் என்றால் கூடாது, எதிரியின் வீரர் என்றால் ஆகலாம் என்ற அளவுகோல் உடன்படிக்கையில் இல்லை.

சாட்சிக் கூண்டு

போர் முடிந்தபின் நீதிமன்றம் அழைத்தால் செய்தியாளர் சாட்சி சொல்ல வேண்டுமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான பன்னாட்டுத் தீர்ப்பாயம், வாஷிங்டன் போஸ்ட் செய்தியாளராக இருந்த ஜொனாதன் ரேண்டலை அழைத்தபோது அவர் மறுத்தார். செய்தியாளர் பின்னாளில் சாட்சியாக மாறுவார் எனத் தெரிந்தால் போர்க்களத்தில் எவரும் அவரிடம் பேச மாட்டார்கள், அவரே இலக்காகவும் நேரிடலாம் என்பது வாதம். வழக்குக்கு நேரடியான, முக்கியமான மதிப்புடையதாகவும் வேறு எவ்வகையிலும் பெற இயலாததாகவும் இருந்தால் மட்டுமே போர்ச் செய்தியாளரைச் சாட்சியமளிக்கக் கட்டாயப்படுத்தலாம் என 2002-இல் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்பளித்தது.

செய்தியாளர்களே கொல்லப்படும் வழக்குகளில் நீதி மெதுவாகவே நகர்கிறது. உலகளவில் சுமார் 85 விழுக்காடு கொலைகளில் எவரும் தண்டிக்கப்படவில்லை என்பது யுனெஸ்கோவின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீடு. மாலி நாட்டில் 2013 நவம்பர் 2 அன்று இரண்டு பிரெஞ்சுச் செய்தியாளர்கள் கொல்லப்பட்ட நாளையே, இந்தத் தண்டனையின்மைக்கு எதிரான சர்வதேச நாளாக ஐ.நா. கடைப்பிடிக்கிறது.

தானிஷ் சித்திக்கியின் பெற்றோர் தாலிபான் தலைவர்கள் மீது விசாரணை கோரி 2022 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை அணுகினர். இந்தியா அந்நீதிமன்றத்தின் உறுப்பு நாடன்று. குற்றம் நடந்த ஆப்கானிஸ்தான் உறுப்பு நாடு என்பதால் இவ்வழி திறந்திருந்தது. மேரி கோல்வின், ரெமி ஒச்லிக் கொல்லப்பட்ட வழக்கில், நிகழ்வு நடந்து 13 ஆண்டுகள் கழித்து, பதவியிழந்த சிரிய அதிபர் பஷார் அல் அசாத் உள்ளிட்ட ஏழு பேருக்குப் பிரெஞ்சு நீதிபதிகள் கைதாணை பிறப்பித்திருப்பது 2025 செப்டம்பரில் தெரியவந்தது.